காத்திருந்த கணினியும் காத்திராத கைப்பேசியும்



பெற்றோர் சந்திப்பு நாளில் ஆண்டுதோறும் தவறாமல் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, மகன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகத்தான் இருக்கிறான். எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. பிற்காலத்தில் கணினித் துறைக்குப் போவான் அல்லவா? அவனுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?”

இக்கேள்வியிலுள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். மிகைநேரம் வேலை செய்து பிள்ளைக்காகப் பணம் சேர்க்கும் பெற்றோரின் கேள்வி அது. ஆயினும் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒரு கருவியை அதிகமாகப் பயன்படுத்துகிறவன் அக்கருவியை ஆக்குகிறவனாக வளர்வான் என்பதே அவ்வெண்ணம். நாள்தோறும் பேருந்தில் போகிறவர் எல்லாரும் பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்கிறார்களா?

இன்று உலகம் போற்றும் நிரலாளர்களில் பலர் 1980களின் வீட்டுக் கணினிகளில் கைபழகியவர்கள். ‘அவர்கள் வீட்டில் கணினி இருந்தது, அதனால் முன்னேறினார்கள்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் கணினி இருந்தது உண்மையே. ஆனால் அந்தக் கணினி எத்தகையது? அதன் அருகே யார் அமர்ந்திருந்தார்? யாருடைய கைக்கு அது எட்டியது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கும் அதே வாய்ப்பைத் தமிழ்ப்பள்ளியால் தர முடியும் என்பது விளங்கும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

எதுவும் செய்யாத இயந்திரம்

1977ஆம் ஆண்டில் ஆப்பிள்-2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்று கணினிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அதுவரை பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் இருந்த கணினி வீட்டு மேசைக்கு வந்தது அப்போதுதான். பிரிட்டனில் சர் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு படத்தைச் சேமிப்பதற்கே இதைப்போல் பன்மடங்கு இடம் வேண்டும். அந்தக் கணினிக்குத் தனித்திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. நிரல்களைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் ஒலிநாடாவே துணை.

இத்தகைய கணினிகளை இயக்கியதும் என்ன தெரியும் என்பதுதான் முக்கியம். படங்கள் தோன்றா. தொட்டுத் திறக்கச் சின்னங்கள் இரா. கொமடோர் கணினியில் ‘ரெடி’ என்ற ஒரு சொல் தோன்றும். அதன்கீழ் ஒரு சிறு கட்டம் மினுக்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்! ‘நான் ஆயத்தம், நீ சொல், செய்கிறேன்’ என்று கணினி காத்திருக்கும். பிள்ளை எதையாவது தட்டச்சு செய்தாலொழிய அது எதுவும் செய்யாது.

அந்த வெற்றிடத்தில் எழுதுவதற்கான மொழியும் கணினிக்குள்ளேயே இருந்தது. அதன் பெயர் பேசிக். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் அதனை உருவாக்கினர். அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். ஆசிரியர்கள் மாணவர்களுக்காகச் செய்த மொழி என்பதனால் நமக்கும் அதன்மேல் உரிமை உண்டு! ‘10 பிரிண்ட்’ என்று எழுதித் தன் பெயரைச் சேர்த்து, அடுத்த வரியில் ‘20 கோட்டூ 10’ என்று எழுதினால் போதும். திரை முழுவதும் அப்பிள்ளையின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டே வரிகள்தாம். ஆனால் அவ்விரண்டு வரிகளில், கட்டளை என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, மீளச் செய்தல் என்றால் என்ன என்னும் மூன்று பாடங்களும் முடிந்துவிடுகின்றன.

அக்காலத்துக் கணினி இதழ்கள் முழு நிரல்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டன. விளையாட வேண்டுமானால் பிள்ளை அதை வரிவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் நிரல் ஓடாது. ஸ்பெக்ட்ரம் கணினி ‘நான்சென்ஸ் இன் பேசிக்’ என்று சொல்லும். பிபிசி கணினி ‘மிஸ்டேக்’ என்று சொல்லும். பிள்ளை மீண்டும் தேடும், திருத்தும், ஓட்டிப் பார்க்கும். பிழை செய்ததற்காக யாரும் அடிக்கவில்லை, வகுப்பே சிரிக்கவில்லை, மதிப்பெண் குறையவில்லை. பிழை என்பது அவமானமன்று, அடுத்த முயற்சிக்கான தகவல் என்பதை அந்தப் பிள்ளைகள் பத்து வயதில் கற்றுக்கொண்டனர். சிவப்பு மையைக் கையில் வைத்திருக்கும் நாம் இதைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்றைய பிள்ளைகள் எல்லாரும் படிப்பாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் விளையாடத்தான் கணினியை நாடினர். ஆயின், விளையாடுவதற்கும் ஆக்குவதற்கும் இடையே அன்று உயரமான சுவர் இல்லை. பேசிக் மொழியில் எழுதிய விளையாட்டை நிறுத்திவிட்டு ‘லிஸ்ட்’ என்று தட்டச்சு செய்தால், அவ்விளையாட்டின் வரிகள் அனைத்தும் திரையில் வந்து நிற்கும். மூன்று உயிர் என்றிருக்கும் எண்ணைத் தொண்ணூற்றொன்பது என்று மாற்றிப் பார்க்கலாம். அப்படிக் குறும்பாகத் தொடங்கியவர்கள் பலர். இன்று நம் பிள்ளை கைப்பேசியில் விளையாடும் விளையாட்டின் உள்ளே எட்டிப் பார்க்க அவனுக்கு வழியுண்டா?

தாத்தாவின் மடி

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கியில் 1969இல் பிறந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவருடைய தாய்வழித் தாத்தா லியோ டோர்ன்குவிஸ்ட், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். 1981ஆம் ஆண்டு வாக்கில் அவர் கொமடோர் விக்-20 கணினி ஒன்றை வாங்கினார். அதன் நினைவகம் வெறும் 5 கிலோபைட். தாத்தா தம் நிரல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். பேரன் அவர் மடியில் அமர்ந்து அவற்றைத் தட்டச்சு செய்வான். உடன் வந்த எடுத்துக்காட்டுகள் தீர்ந்த பிறகு, சிறுவன் கையேட்டைப் படித்துத் தானே எழுதத் தொடங்கினான்.

பின்னாளில் அவர் சின்க்ளேர் க்யூஎல் என்னும் கணினியை வாங்கினார். அதற்கு வேண்டிய மென்பொருள் பின்லாந்தில் எளிதாகக் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவரே எழுதிக்கொண்டார். 1991இல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகள் அனைத்தும் அக்கருவின்மேல்தான் இயங்குகின்றன. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில் ஓடுகின்றன.

இவ்வரலாற்றில் என் கண்ணில் நிற்பது விக்-20 அன்று, அந்த மடிதான். தாத்தா கணினி வல்லுநர் அல்லர். ஆனால் தமக்கு உண்மையாகவே தேவைப்பட்ட ஒரு வேலையைப் பேரனிடம் ஒப்படைத்தார். ‘நீ விளையாடு, என்னைத் தொந்தரவு செய்யாதே’ என்று கருவியைக் கொடுத்து அனுப்பவில்லை. இன்று நம் வீடுகளில் கைப்பேசி எதற்காகப் பிள்ளையின் கைக்குப் போகிறது? சோறு ஊட்டுவதற்கும், அழுகையை நிறுத்துவதற்கும், நமக்கு அரை மணி நேர ஓய்வு கிடைப்பதற்கும் அல்லவா? அந்த ஓய்வின் தேவையை நான் குறை கூறவில்லை. ஆனால் கருவி அங்கே ஆயா வேலை பார்க்கிறது. ஆசிரியர் வேலை பார்க்கவில்லை.

ஒரு நாடே முன்வந்தபோது

தாத்தா வாய்க்காத பிள்ளைகள் என்ன செய்வது? பிரிட்டன் இதற்கு ஒரு விடை கண்டது. அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, மக்களுக்குக் கணினி அறிவு ஊட்டும் திட்டம் ஒன்றை வகுத்து, அதற்கெனத் தன் பெயரில் ஒரு கணினியையே செய்வித்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம் அதனை உருவாக்கியது. 1981 இறுதியில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. பள்ளிகள் கணினி வாங்கும் செலவில் பாதியை அரசே ஏற்றது. ஏறத்தாழ 15 இலட்சம் பிபிசி மைக்ரோ கணினிகள் விற்பனையாயின. பெரும்பாலான பள்ளிகளில் அக்கணினி இடம்பெற்றது.

விளைவு என்ன? அக்கணினியின் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும், வன்பொருள் வடிவமைப்பில் முன்னின்ற ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து ஆர்ம் என்னும் செயலியை வடிவமைத்தனர். அதன் முதல் சில்லு 1985 ஏப்ரல் 26இல் இயங்கியது. இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் அவ்வழிவந்த செயலிகளே உள்ளன. கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்த டேவிட் பிராபன், இயன் பெல் இருவரும் 1984இல் எலைட் என்னும் விண்வெளி விளையாட்டை அதே கணினிக்காக எழுதினர். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்தொகுதிகள்! 32 கிலோபைட் கணினிக்குள் இவ்வளவும் அடங்காது. எனவே அவற்றைச் சேமித்து வைக்காமல், ஒரு கணித வரிசையைக் கொண்டு வேண்டும்போது உண்டாக்கிக்கொண்டனர். இடம் போதவில்லை என்று அழாமல் கணக்கைக் கொண்டு வந்த அறிவு அது.

திரை நிரம்பியபோது வகுப்பு வெறுமையானது

அதே பிரிட்டனில் பின்னர் நடந்தது நமக்கு எச்சரிக்கை. காத்திருந்த கணினிகள் மெல்ல மறைந்தன. அவற்றின் இடத்தில், எல்லாம் ஆயத்தமாக நிறைந்த கணினிகளும் விளையாட்டுக் கருவிகளும் வந்தன. பள்ளிப்பாடமும் மாறியது. ஆவணம் தட்டச்சு செய்வது, அட்டவணை போடுவது, படவில்லை காட்டுவது ஆகியவை கணினிக் கல்வி எனக் கொள்ளப்பட்டன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர் சேர்க்கையைக் கவனித்த எபன் அப்டன், 2000களின் நடுப்பகுதியில் ஒன்றைக் கண்டார். விண்ணப்பிப்போர் எண்ணிக்கை குறைந்திருந்தது. வந்தவர்களின் முன்னனுபவமும் குறைந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் பொழுதுபோக்காகவே நிரல் எழுதிப் பழகியவர்கள். அவரும் சிறுவயதில் பிபிசி மைக்ரோவில் பழகியவரே. மலிவான, கெட்டுவிடுமோ என்ற அச்சமின்றிப் பிள்ளைகள் நோண்டக்கூடிய கணினி மீண்டும் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் எண்ணினர். எலைட் விளையாட்டை எழுதிய டேவிட் பிராபனும் அவர்களுள் ஒருவர். 2012 பிப்ரவரி 29இல் ராஸ்பெரி பை 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பாடத்திட்டத்தையே மாற்றி, ஐந்து வயதிலிருந்து நிரலாக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கியது. 2016இல் பிபிசி மைக்ரோபிட் என்னும் உள்ளங்கையளவுக் கணினியை ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கியது.

கணினி பெருகப் பெருக நிரலாளர்கள் பெருகுவர் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்ததோ மறுதலை. எனவே, வீட்டுக்கு வீடு கருவி வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்து இருந்துவிட முடியாது.

யாருடைய அறையில் வைத்தார்கள்?

இனி மூன்றாவது கேள்வி. வீட்டுக் கணினியின் புகழைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984இல் 37 விழுக்காடாக இருந்தது. அதன்பின் அது சரியத் தொடங்கி, 2010ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 18 விழுக்காடாயிற்று. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் முன்னேறிய அதே காலத்தில் கணினியில் மட்டும் பின்னடைவு! காரணம் ஒன்றே என்று கூற இயலாது. ஆனால் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1990களின் பிற்பகுதியில் மாணவர்களை நேர்கண்டு ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் ஒரு முக்கியமான காரணத்தை எடுத்துக்காட்டினர். வீட்டுக்கு வந்த கணினி பெரும்பாலும் மகனின் அறைக்குப் போனது. தந்தையும் மகனும் சேர்ந்து அதில் பழகினர். மகள் ஓரத்தில் நின்று பார்த்தாள். பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே பழகிவந்த ஆண்களைப் பார்த்து, ‘எனக்கு இது வராது’ என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அந்தப் பல்கலைக்கழகம் அத்துடன் நிற்கவில்லை. முன்பே நிரல் எழுதியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தளர்த்தியது. புதியவர்களுக்கெனத் தொடக்க வகுப்புகளை அமைத்தது. பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தது. 1995இல் 7 விழுக்காடாக இருந்த முதலாண்டு மாணவியர் பங்கு 2000இல் 42 விழுக்காடாக உயர்ந்தது. திறமை இல்லாமல் அவர்கள் வெளியே நிற்கவில்லை; வாசல் அவர்கள் பக்கம் திறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வீட்டுக் கணினி வாய்த்தவனுக்கு வழி திறந்தது. வாய்க்காதவனுக்கும், வாய்த்த வீட்டிலேயே இரண்டாம் இடத்தில் நின்றவளுக்கும் அது கதவடைப்பாகவே முடிந்தது. அதனால்தான், ‘வீட்டில் வாங்கிக் கொடுங்கள்’ என்று நான் பெற்றோரிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. வீட்டின் வசதி தீர்மானிக்கும் கல்வி, வசதியுள்ளவர் கல்வியாகவே முடியும். அதைச் சமன்செய்யும் பொறுப்பு பள்ளியினுடையது.

நம் நாட்டில், நம் பள்ளியில்

1980களில் இங்கும் கணினி வந்தது. ஆயினும் அது நகர்ப்புற வசதியாளர் வீட்டுப் பொருள். அன்று தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய நம் பெற்றோரின் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி. இருந்தும் தமிழ்க் கணிமை தழைத்த மண் இது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே கணினியில் தமிழை ஏற்றும் முரசு மென்பொருள் பணியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் தமிழாசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, 1995இல் இணையத்தில் தமிழ் எழுத்துகள் முதன்முதலாகத் தோன்றுவதற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர். கணினிக்குத் தமிழ் தெரியாதிருந்த காலத்தில், ‘தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்போம்’ என்று துணிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர் நம்மைப்போல் வகுப்பறையில் நின்றவர் என்பதை மறவாதீர்கள்.

இன்றைய நிலை என்ன? 2020, 2021ஆம் ஆண்டுகளின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உண்மை முகத்தில் அறைந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னர்தான் கிடைக்கும். அக்கைப்பேசியில் பாடத்தைப் பார்க்கலாம். விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பலாம். நிரல் எழுதிப் பழகுவதற்கு அது வாய்ப்பானதன்று. 2017 முதல் நம் கலைத்திட்டத்தில் கணினிவழிச் சிந்தனை இடம்பெற்றுள்ளது. நிரலாக்கக் கூறுகளும் பாடநூலுக்கு வந்தன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் பாடநூலில் படம் பார்த்து நிரல் கற்பது, குளத்தின் படத்தைப் பார்த்து நீச்சல் கற்பது போன்றது.

எங்கள் பள்ளியில் வாரத்தில் ஒரு நாள், பள்ளி முடிந்தபின் ஒன்றரை மணி நேரம் கணினி அறையைத் திறந்து வைக்கிறோம். கணினிகள் பழையவை, சில இயங்க மறுக்கும். ஸ்கிராட்ச் என்னும் இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. தந்தை கனவுந்து ஓட்டுநர். வீட்டில் கணினி இல்லை. தம்பிக்காக ஒரு பெருக்கல் வாய்பாட்டு விளையாட்டு செய்தாள். சரியான விடையைக் கொடுத்தாலும் அது ‘தவறு’ என்றே காட்டியது. இரண்டு வாரம் பிழையைத் தேடினாள். நான் விடையைச் சொல்லாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்! கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த கையோடு, ‘தவறு’ என்னும் சொல்லையும் அழித்துவிட்டு ‘மீண்டும் முயல்க’ என்று மாற்றினாள். ஏன் என்று கேட்டேன். “தம்பி அழுவான் சார்” என்றாள். பயன்படுத்துகிறவரின் மனத்தை எண்ணி மென்பொருளை வடிவமைப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார்கள். அவளுக்கு அது பதினொரு வயதில் வந்தது.

இரண்டு மறுப்புகள்

‘எல்லாரும் நிரலாளர் ஆகப் போகிறார்களா?’ என்று சிலர் கேட்பர். ஆக வேண்டியதில்லை. எல்லாரும் கவிஞர் ஆவதற்காகவா நாம் கட்டுரை எழுதக் கற்பிக்கிறோம்? ஒரு பெரிய சிக்கலைச் சிறுசிறு படிகளாக உடைப்பதும், எங்கே பிழைத்தது என்று பொறுமையுடன் தேடுவதும் எத்தொழிலுக்கும் உதவும். இன்று நிரலாளர் என்ற தொழில் இருக்கிறது என்பதே தெரியாமல் வளரும் பிள்ளைக்கு, அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

‘இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதிவிடுகிறதே!’ என்பது இரண்டாவது மறுப்பு. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இதை அதிகம் கேட்கிறேன். கணிப்பான் வந்த பின்பும் நாம் வாய்பாட்டைக் கைவிடவில்லை. அது தரும் விடை பொருந்துகிறதா என்று அறிய மனத்தில் கணக்கு இருக்க வேண்டும். இயந்திரம் எழுதியதைப் படித்து, இது சரி, இது பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது வேலையாள். தெரியாதவருக்கு அதுவே முதலாளி. நம் பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

நாம் செய்யக்கூடியவை

1. கணினி அறையை வாரத்தில் ஒரு நாளாவது பாடநேரத்துக்கு வெளியே திறந்து வையுங்கள். புதிய கணினிக்காகக் காத்திருக்க வேண்டா. 5 கிலோபைட்டில் ஒருவர் தொடங்கியிருக்கும்போது, நம் பழைய கணினி எவ்வகையில் குறைந்தது? நாற்பது நிமிடமாவது எதையும் காட்டிக்கொடுக்காமல், வெற்றுத்திரையோடு பிள்ளையை விட்டுவையுங்கள்.

2. பதிவுப் பட்டியலில் பாதி இடம் மாணவியருக்கு என்று முன்னரே ஒதுக்குங்கள். விசைப்பலகை எப்போதும் ஒரே மாணவன் கையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே கணினி இருந்தால் அதைக் கூடத்தில் வையுங்கள்; மகனின் அறையில் வேண்டா.

3. கணினியே இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஒரு மாணவர் இயந்திரமாக நிற்கட்டும். மற்றொருவர் கட்டளைகளைத் தாளில் எழுதி, அவரைக் கரும்பலகை வரை நடத்திச் செல்லட்டும். ‘நேராகப் போ’ என்றால் எத்தனை அடி என்ற வினா உடனே எழும். சிந்தனை அங்கேதான் பிறக்கிறது.

4. தமிழிலேயே நிரல் எழுதலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரலாக்க மொழியில் ‘பதிப்பி’ என்பதே திரையில் காட்டுவதற்கான கட்டளை. ‘பதிப்பி’ என்று எழுதி, மேற்கோள்குறிக்குள் ‘வணக்கம்’ என்று சேர்த்தால், கணினி வணக்கம் சொல்லும். தொழிலுக்குப் பின்னர் ஆங்கிலம் வேண்டும். முதல் வியப்பு தாய்மொழியில் நிகழட்டும்.

5. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு ஒரு செய்தி. 1968இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், லேக்சைட் பள்ளியின் அன்னையர் மன்றம் பழம்பொருள் விற்பனை நடத்தி, அப்பணத்தில் மாணவர்களுக்குக் கணினி முனையம் ஒன்றை ஏற்பாடு செய்து தந்தது. அதில் பழகிய மாணவர்களுள் இருவர் பில் கேட்ஸும் பால் ஆலனும். அவர்களின் நிறுவனம் எழுதிய பேசிக் மொழியே பின்னர் கொமடோர் கணினிகளுக்குள் இருந்தது. ஹெல்சிங்கித் தாத்தாவின் விக்-20 உட்பட! அது வசதியானவர்களின் தனியார் பள்ளி என்பது உண்மை. ஆனால் பழம்பொருள் விற்பனை நடத்த நமக்கு மட்டும் தெரியாதா?

6. பெற்றோரே, உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் அருகில் அமர்ந்து, “இதை எப்படிச் செய்தாய்? எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். பிள்ளை செய்ததை நீங்கள் உண்மையாகவே பயன்படுத்துங்கள். வீட்டுச் செலவைக் கூட்டிப் பார்க்கும் சிறு நிரலாக இருந்தாலும் போதும்.

500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு மாலை கணினி அறையின் பூட்டு திறந்தால், ஆண்டு முடிவதற்குள் எத்தனை பிள்ளைகள் தங்கள் முதல் நிரலை எழுதி முடித்திருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கு அரசாணை வேண்டா, பெருந்தொகை வேண்டா. சாவியை வைத்திருப்பவர் அன்று ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போக மனம்வைத்தால் போதும்.

சிந்திப்போம், செயல்படுவோம். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இத்தகைய முயற்சி நடந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று அன்புகூர்ந்து எழுதுங்கள். ஒருவர் கண்ட வழி மற்றவருக்கு உதவட்டும்.